டிஏபி கிடைக்கலன்னா சம்பாவுக்கு அடியுரமா என்ன போடுறது

சகோ, திருவாரூர் பக்கம் சம்பா நடவுக்கு டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) கிடைக்கல, 1350 ரூபா மூட்டைக்கு கடையில கூடுதலா கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. பதுக்கல் ஒரு பக்கம் இருக்கலாம், ஆனா பிரச்சினையோட வேர் வெளிநாட்டுல இருக்கு, நம்ம டிஏபில பாதிக்கு மேல இறக்குமதி, இங்க தயாரிக்கிறதுக்கும் மூலப்பொருளான ராக் பாஸ்பேட் பாறை பெரும்பாலும் வெளிய இருந்துதான் வரணும், சீனா 2021 கடைசியிலேர்ந்து தன் விவசாயிக்குத்தான் முதல்லன்னு உர ஏற்றுமதிய இறுக்கிடுச்சு, அப்புறம் உக்ரைன் போர், செங்கடல்ல கப்பல்கள் மேல தாக்குதல்னு ஒண்ணு மேல ஒண்ணு.

அதனால டிஏபிக்காக நடவ தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ். 50 கிலோ டிஏபி மூட்டை ஒண்ணுல 9 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 23 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருக்கு, அதையே 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் குடுத்துடும், கூடவே கந்தகமும் கிடைக்கும், என்ன தூக்குக்கூலி கொஞ்சம் கூடும். 20:20:0:13 காம்ப்ளக்ஸ் (தழை, மணி, சாம்பல், கந்தகம்னு வரிசையா சத்து சதவீதம் போட்ட கலப்பு உரம்) கிடைச்சா அதுவும் நல்லதுதான், ரெண்டு மூட்டை போட்டீங்கன்னா மேலுரத்துல யூரியாவ குறைச்சுக்கோங்க. மண் பரிசோதனைல மணிச்சத்து அதிகம்னு வந்திருந்தா இவ்வளவும் தேவைப்படாது.

மூட்டைல அச்சடிச்ச விலைக்கு மேல கேட்டா பில் வாங்கி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க.