பிதுருதலாகலையில் வைத்துக் கொளுத்தினால் என்ன?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ரொக்கெட்டைச் சுமந்துபோய் வானத்தில் விடுவதற்காகக் கட்டிய இரட்டை உடல் விமானத்தின் படத்தைப் பதினோராம் தரத்துக்குக் காட்டினேன். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், உயரம்தானே வேணும்? பிதுருதலாகலை உச்சியில் வைத்துக் கொளுத்தினால் விமானச் செலவு மிச்சமே" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

ஓர் ஆசிரியர், தலவாக்கலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிரித்த பிள்ளைகளைவிடக் கேட்ட பிள்ளைக்குத்தான் விஷயம் பிடிபட்டிருக்கிறது. அவள் பிழைவிட்டது ஓர் இடத்தில் மட்டும்: உயரம்தான் வேண்டும் என்று நினைத்தது. அந்தப் பிழையைப் பெரியவர்களும் விடுகிறார்கள்.

பூமியைச் சுற்றிவர வேண்டுமென்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீற்றர் வேகம் தேவை. கொழும்பிலிருந்து உங்கள் தலவாக்கலைக்கு நேர்கோட்டில் 12 செக்கனுக்குள் வந்துவிடலாம். (நம்ம ரயிலைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) விமானம் தரக்கூடியது செக்கனுக்குக் கால் கிலோமீற்றர்தான். நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியே செக்கனுக்கு 460 மீற்றர் இலவசமாகத் தருகிறது. விமானம் தருவதைவிட அது கூட!

அப்படியானால் விமானம் எதற்கு? காற்றுக்காக. கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கற் மலைமேல் நானுஓயாவுக்கு வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று அதேதான், வெளியே அமுக்கும் காற்றுத்தான் குறைந்துவிட்டது. ரொக்கெட்டின் வாலிலிருந்து வரும் நெருப்புக்கும் இதே கதை. கடல்மட்டத்தில் வெளிக்காற்று அதை அமுக்குகிறது, அதனால் வால்குழலின் வாயை அளவோடுதான் விரிக்க முடியும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் மேலே போனால் வாயை அகலமாக விரித்து, அதே எரிபொருளில் கூடுதல் உந்துவிசை எடுக்கலாம். எதிர்த்து வரும் காற்றின் இழுவையும் குறைவு. பன்னிரண்டு கிலோமீற்றரில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் கால்வாசிதான். பிதுருதலாகலை 2,524 மீற்றர். அங்கேயும் கொஞ்சம் லாபம் உண்டு, ஆனால் ரொக்கெட்டை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் லொறி ஓட்டுவது யார்?

சரி, இது நடக்காத காரியமும் இல்லை. 1990 ஏப்ரலில் பெகாசஸ் என்ற ரொக்கெட்டை ஒரு பி-52 விமானத்திலிருந்து கீழே போட்டு, பிறகு பற்றவைத்து, சுற்றுப்பாதைக்கு அனுப்பினார்கள். நிறுத்தி வைத்து ஏவும் ரொக்கெட் போலில்லாமல் இது படுத்தபடி தொங்கிக்கொண்டு போக வேண்டும். இடுப்பில் பிடித்துத் தூக்கிய ஏணி மாதிரி வளையப் பார்க்கும். வளையாமலிருக்க உடலைப் பலமாகச் செய்தால் பாரம் ஏறும், மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

நீங்கள் காட்டிய ஸ்ட்ராட்டோலாஞ்ச் விமானத்துக்கு வருகிறேன். மைக்ரோசொப்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான போல் அலன் 2011இல் அறிவித்த திட்டம். இறக்கை 117 மீற்றர், சக்கரங்கள் 28, எஞ்சின்கள் 6. இரண்டு பழைய போயிங் 747களை வாங்கி, எஞ்சின் உட்படப் பல பாகங்களைக் கழற்றிப் பூட்டினார்கள். நம்மூர் கராஜ்காரர் யாரும் இதைக் கேட்டுத் திடுக்கிடமாட்டார். ஓட்டிகள் வலது உடலில் மட்டும் இருப்பார்கள். அலன் 2018இல் இறந்தார், விமானம் 2019 ஏப்ரல் 13இல்தான் முதன்முதலாகப் பறந்தது.

என் கணக்கில் அது தோற்றது பொறியியலில் அல்ல. 250 தொன் சுமக்கக் கட்டிய விமானம், ஆனால் தொங்கவிட ரொக்கெட் அமையவில்லை. முதலில் சேர்ந்த ஸ்பேஸ்எக்ஸ் 2012இலேயே விலகியது. கடைசியில் 23 தொன் பெகாசஸ் மூன்றைத் தொங்கவிடுவதாகப் பேச்சு வந்தது, அதுவும் நடக்கவில்லை. கூடை பெரிது, மலையில் கொழுந்து இல்லை. இப்போது அதே விமானம் ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறக்கும் சோதனைக் கலங்களைச் சுமக்கிறது. சுற்றுப்பாதைக்கு எதையும் அனுப்பவில்லை.

அடுத்த பாடத்தில் அந்தப் பிள்ளை, "அப்படியென்றால் அதை மத்தளைக்குக் கொண்டுவரலாமா, சேர்?" என்று கேட்பாள், பாருங்கள். விமானம் கேட்கும் ஓடுபாதை ஏறக்குறைய 3,700 மீற்றர். மத்தளை விமான நிலையத்தில் 3,500. இருநூறு மீற்றர் குறைகிறது என்று சொல்லுங்கள். சிப்ஸ் பக்கற் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.