நுழைவுக் கட்டணம் வாங்கி ஒன்லைன் கேம் சுற்றுப்போட்டி நடத்தினால் சட்டச் சிக்கல் வருமா?

உங்களிடம் ஒரு வட்ஸ்அப் குறூப் இருக்கும். அதில் நூறு, நூற்றைம்பது பெடியள் இருப்பார்கள். "அண்ணை, ஒரு மட்ச் வையுங்கோ" என்று தினமும் ஒருவன் கேட்பான். இந்தியாவில் காசு கட்டி விளையாடும் கேம்களைத் தடை செய்த செய்தியைப் பார்த்துவிட்டு, பிரீ பயர் என்ற போன் துப்பாக்கிச் சண்டை கேம் திறமை விளையாட்டுத்தானே, இங்கே இலங்கையில் கட்டணம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் 'திறமை' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. 2021இல் அதே சொல்லை நம்பிக்கொண்டுதான் நான் பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன்.

நான் சட்டத்தரணி இல்லை. பட்டதைச் சொல்கிறேன், பிறகு தேடி வாசித்ததையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஏ9இல் மாங்குளத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டி, ஒன்லைன் வகுப்புக்கென்று வீட்டுக்கு வீடு போன் வந்த நேரம். வகுப்பு நடந்ததோ இல்லையோ, பிரீ பயர் நடந்தது. நான் 12 ஸ்குவாட், அதாவது நாலு நாலு பேராக 12 அணி சேர்த்தேன். ஒரு ஸ்குவாட்டுக்கு 1,000 ரூபா, ஆளுக்கு 250. சேர்ந்த 12,000இல் முதல் பரிசு 7,000, இரண்டாவது 3,000. மிச்சம் 2,000 என் செலவுக்கு. அதில் நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. கஸ்டம் ரூம் (நாங்கள் மட்டும் விளையாட கேமுக்குள் திறக்கும் தனி அறை), வைபை, பணிஸ், சோடா என்று முதல் நாளே முடிந்து போனது. (நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்றைக்கும் பாதிப் பேர் நம்பவில்லை.)

ஆறு மட்ச் என்று திட்டம். மூன்றாவது மட்ச் நடுவில் கரண்ட் போனது. ரவுட்டர் செத்தது. எங்கள் வைபையில் இருந்த மூன்று ஸ்குவாட் அப்படியே வெளியே. சொந்த டேட்டாவில் விளையாடியவர்கள் அந்த மட்சைத் தொடர்ந்து விளையாடிப் புள்ளியும் எடுத்துவிட்டார்கள். மட்சைத் திருப்பி வைக்கச் சொல்லி ஒரு பக்கம், வைக்கக் கூடாதென்று மறுபக்கம். சத்தம் கேட்டு ஒரு பெடியனின் தகப்பன் வந்தார். மகனுக்கு வகுப்புக்கு டேட்டா போடக் கொடுத்த காசு அந்த 250. "பிள்ளையளை வச்சுச் சூது நடத்திறான்" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு நேரே முறைப்பாடு கொடுக்கப் போனார்.

பொலிஸில் நான் அரை மணித்தியாலம் விளக்கினேன். இது லொத்தர் இல்லை, குறி பார்த்துத் தலையில் சுட்டு ஹெட்ஷொட் அடிக்கக் கை வேண்டும், மூளை வேண்டும், சீனாவில் நடக்கப்போகும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈஸ்போர்ட்ஸ் என்ற கேம் போட்டிகளுக்குப் பதக்கமே இருக்கிறது என்றெல்லாம். சார்ஜண்ட் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவருடைய தமிழில் ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, கேம் கதை வேணாம். சல்லி யார்கிட்ட?"

சல்லி என்னிடம்தான் இருந்தது. வழக்குப் போடவில்லை, அன்றைக்கே எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். குறைந்த 2,000ஐ அம்மா சீட்டுக்காசில் இருந்து எடுத்துத் தந்தா. ஒரு வருடம் அதைச் சொல்லிக் காட்டினா.

பிறகுதான் வாசித்துப் பார்த்தேன். பிரித்தானியர் காலத்துச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தில், பொதுமக்கள் வந்து போகும் இடத்தில் பந்தயக் காசு வைத்து விளையாடுவது சட்டவிரோதம். நான் போட்டி வைத்தது ஒரு கடையில். 2025இல் அந்தப் பழைய சட்டங்களை நீக்கி, சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். ஒன்லைன் சூதாட்டமும் அதற்குள் வருகிறது.

இந்தியாவில் இந்தத் திறமை வாதத்துக்கு நீண்ட கதை இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று 1968இலேயே அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டு அரசு ஒன்லைன் ரம்மியைத் தடை செய்தபோதும், அந்தத் தடை ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் அந்தப் பேச்சையே ஒதுக்கிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டிக் காசு வெல்லும் எதிர்பார்ப்பில் விளையாடினால் தடை. நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, ஒரு கோடி இந்திய ரூபா வரை அபராதம். விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை. ஈஸ்போர்ட்ஸை மட்டும் வேறாக வைத்து, அங்கீகாரமும் பதிவும் கேட்கிறார்கள். அதில் நிர்வாகச் செலவுக்குக் கட்டணம் வாங்கலாம், திறமைக்குப் பரிசும் கொடுக்கலாம். பந்தயம் கூடாது. அது இந்தியச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலும் சார்ஜண்ட் கேட்ட கேள்விதான் இருக்கிறது.

"மென்பந்துக் கிரிக்கெட்டுக்கு மட்டும் அணிக்கு 3,000 வாங்கிறாங்களே" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அங்கே மாலை போட்டு வரவேற்கிறார்கள், போன் என்றால் சூது. அதிர்ஷ்டத்துக்கு அரசாங்கமே இரண்டு லொத்தர் சபை வைத்து பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்ட் ரிக்கற் விற்கிறது. நியாயம் கேட்டுப் பிரயோசனமில்லை.

ஆகவே நான் இன்றைக்கு நடத்துவதென்றால் பெடியளிடம் பரிசுக்காசு வாங்க மாட்டேன். போன் கடை, பேக்கரி என்று ஒருவரைப் பிடித்து, பரிசை அவர் கையால் நேரே கொடுக்க வைப்பேன். 18 வயதுக்குக் குறைந்தவன் என்றால் தாய் தகப்பனிடம் கேட்காமல் சேர்க்க மாட்டேன். கடையில் வைக்காமல் கழகத்தின் பெயரில், கழகக் கட்டடத்தில் வைப்பேன்.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பிக் கட்டியது. கறுப்புப் பளிங்குக் கல்லில் கொடுத்தவர்களின் பெயர், மின்விசிறி நாலு, ஜெனரேட்டரும் உண்டு. அந்த ஜெனரேட்டர் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு அந்த மூன்றாவது மட்சே குழம்பியிருக்காது. திறப்பு விழாவோடு பூட்டியதுதான். தலைவர் இப்போது பிரான்சில். திறப்பு ஆரிடம் என்று கேட்டால், அவருடைய மாமியிடம் கேட்கச் சொல்கிறார்கள். மாமி வவுனியாவில்.