1281ல புயல் அடிக்கலன்னா ஜப்பான் என்ன ஆகியிருக்கும்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானோட கப்பற்படையை அழிச்ச அந்தப் புயல் மட்டும் வரலன்னா அவர் ஜப்பானைப் பிடிச்சிருப்பாரா?

பதில்: பிடிச்சிருக்க முடியாதுன்னுதான் நான் சொல்வேன் தம்பி. எல்லாரும் புயலையே பேசுறாங்க, ஆனா கொரியாவுலேர்ந்து வந்த அவரோட 40,000 பேர் படை ஜூன்லயே ஜப்பானோட கியூஷூ தீவுல இருக்குற ஹகாட்டா விரிகுடாவுக்கு வந்துடுச்சு, புயல் அடிச்சது ஆகஸ்ட்லதான், அதுவரைக்கும் ஷிகா தீவுல இறங்கினதோட சரி, உள்ள போகவே முடியல. ஏன்னா 1274ல குப்ளாய் படைகிட்ட முதல் தடவை அடி வாங்கினதுமே ஜப்பான்காரங்க கரையோரமா கிட்டத்தட்ட 20 கிலோமீட்டருக்கு கல் சுவர் கட்டிட்டாங்க, ராத்திரியில சின்னப் படகுல போய் கப்பல்ல ஏறி வெட்டிட்டும் வந்தாங்க. அந்தச் சுவரைக் கட்டினவங்களுக்கு கிடைக்க வேண்டிய பேரைப் புயல் தட்டிட்டுப் போயிடுச்சுன்னு எனக்கு நிஜமாவே வருத்தம்.

கேள்வி: தெற்குச் சீனாவுலேர்ந்து ஒரு லட்சம் பேர் வந்தாங்களே, அவங்க?

பதில்: லேட்டா வந்தாங்க, அதான் விஷயமே. ரெண்டு கப்பற்படையும் இகி தீவுல சேரணும்னு பிளான், நடக்கல. முக்கால்வாசிப் பேர் குப்ளாய்கிட்ட 1279ல முழுசா தோத்த தெற்குச் சீனாவோட சோங் நாட்டுப் பழைய சிப்பாய்ங்க, தளபதி ஃபான் வென்ஹுவே சரணடைஞ்ச சோங் ஆள்தான், மங்கோலியனுக்காக உயிரை விட அவங்களுக்கு என்ன அவசியம்? சரியான நேரத்துக்கு வந்திருந்தா கியூஷூவோட ஆட்சி மையமான தாசைஃபு விழுந்திருக்கலாம், வடக்கு கியூஷூ கூட போயிருக்கலாம், ஆனா ஜப்பானை ஆண்டவங்க இருந்த காமகுரா அங்கேர்ந்து 800 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல பூரா மலையும் வயலும், குதிரைப்படை என்ன பண்ணும்? வியட்நாம்ல தலைநகரையே பிடிச்சும் நிக்க முடியாமதானே திரும்பினாங்க.

கேள்வி: சண்டையே வேணாம்னு ஜப்பான் பணிஞ்சிருந்தா?

பதில்: கொரியாவைப் பாருங்க மேடம். அங்க ராஜா ராஜாவாவே இருந்தார், குப்ளாயோட மகளைக் கூட கட்டிக்கிட்டார், ஆனா கப்பலும் அரிசியும் ஆளும் கொடுத்தே ஜனங்க நொந்து போனாங்க. ஜப்பானுக்கும் அதே கதிதான், குப்ளாயோட அடுத்த சண்டைக்கு இவங்க கப்பல் கட்டணும். காமகுராவுல ஆட்சி பண்ணின ஹோஜோ டோகிமுனே 1275ல குப்ளாயோட தூதர்களைக் கொன்னது கொடுமைதான், அதுல மாத்துக் கருத்து இல்ல, ஆனா பணியாம இருந்தது சரி.

கேள்வி: இதுல நம்ம தமிழ் ஆளுங்களுக்கு ஏதாச்சும் தொடர்பு இருக்கா சார்?

பதில்: போர்ல இல்ல. ஆனா இந்தப் படையெடுப்புக்குக் கப்பல் கட்டச் சொன்ன ஊர்கள்ல சீனத் துறைமுகமான சுவான்சோவும் ஒண்ணு, அதே ஊர்ல அதே 1281 ஏப்ரல்ல, செகசை கான் நல்லா இருக்கணும்னு சிவனைப் பிரதிஷ்டை பண்ணி தமிழ்ல கல்வெட்டு வெச்சிருக்காங்க. அந்தக் கான் குப்ளாய்தான்.