சிமெண்டுக் கரையோரம் பூச்செடி: கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு அக்கா: நடைபாதை ஓரம் குட்டை ரக இட்லிப்பூ வரிசையாக வைத்தேன். ஒரு வருடத்தில் இலையெல்லாம் மஞ்சள். யூரியா போட்டும் தேறவில்லை தம்பி.

ஒரு இளம் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கக்கா. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாமல் செய்துவிடும். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். என் வீட்டிலும் இதே கதை. தோண்டினால் ஒரு சாண் ஆழத்தில் வீடு கட்டியவர்கள் விட்டுப்போன சாந்துக் கட்டி, ஒரு வாளி நிறைய! பொறுக்கிப் போட்டுவிட்டு, மட்கிய இலை உரம் கலந்து, கரையிலிருந்து ஒரு அடி தள்ளி நட்டேன். அப்புறம் வந்த தளிர் பச்சை. பழைய இலை அநேகமாகத் தேறாது, அதைப் பார்த்து மனம் விடாதீர்கள். யூரியாவை நிறுத்துங்கள், அவசரத்துக்குக் கீலேட் இரும்புக் கரைசல் (சுண்ணாம்பு மண்ணிலும் வேருக்கு எட்டும் இரும்பு உரம்) ஊற்றலாம்.

செராஸ்: வாரா வாரம் வெட்டி அழகாக வைத்திருக்கிறேன். இட்லிப்பூ பூக்கவே இல்லை.

கிளை நுனியில்தான் அது மொட்டு கட்டும். நீங்கள் வாரா வாரம் வெட்டுவது மொட்டைத்தான். பூத்து வாடியபின் ஒரு முறை வெட்டினால் போதும்.

பிரிக்பீல்ட்ஸ்: ஓரத்துக்கு லாவெண்டர் வைக்கலாமா?

வேண்டாம். கோலாலம்பூரின் புழுக்கத்தில் அழுகிவிடும். அது குளிரான கேமரன் மலைச் சரக்கு. ஊதா நிறம்தானே வேண்டும்? குட்டை ரூவேலியா வையுங்கள். பட்டாசுக்காய்ச் செடிக்குச் சொந்தம், ஒரு அடிக்கு மேல் போகாது. ஒரு பூ ஒரு நாள்தான். மறுநாள் வேறு பூ.

பினாங்கு, ஆயர் ஈத்தாம்: மழை லில்லிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியும் புல் மாதிரியே நிற்கிறது, அண்ணே.

தினமும் ஊற்றுவதுதான் கோளாறு. உங்கள் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. அப்போது காயவிடுங்கள். பிறகு ஒரு நல்ல மழை, இல்லையென்றால் ஒரு முறை தாராளமாகத் தண்ணீர். சில நாளில் மொட்டு எட்டிப் பார்க்கும்.

அதே வீட்டுக்காரர்: நித்தியகல்யாணி மழைக்காலத்தில் செத்துப்போகிறதே?

வேரழுகல். பாத்தியை அரை அடி உயர்த்துங்கள், கால்வாய்ப் பக்கம் சரிவு வையுங்கள். மழைக்கு முன்பே நாலு துண்டு வெட்டித் தொட்டியில் ஊன்றி வையுங்கள். ஒடித்தால் வரும் பால் நச்சு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் நீங்களே ஒடியுங்கள், கையையும் கழுவுங்கள்.