ஆளுக்கொரு ஆன்மா எப்படி?

கேள்வி: ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டை இரண்டாக்குவது பருப்பொருள்தான் என்றாராம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்வினாஸ். அப்படியானால் உடம்பே இல்லாத தேவதூதர்களை எப்படி எண்ணுவது? இந்த வெட்டி விவாதத்திலா காலத்தைக் கழித்தார்கள்?

பதில்: எண்ணலாம், தாராளமாக. ஒவ்வொரு தேவதூதரும் தனி இனம், ஓர் இனத்துக்கு ஒரே ஆள், அவ்வளவுதான் என்று கூசாமல் சொன்னவர் அக்வினாஸ். மனிதர்களுக்கெல்லாம் வடிவம், அதாவது மனிதன் என்ற இயல்பு, ஒன்றுதான், அது நீளம் அகலம் உள்ள இந்தச் சதையிலும் எலும்பிலும் அமைவதால் நீங்கள் வேறு, நான் வேறு. சதையே இல்லாத இடத்தில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

வெட்டி விவாதம் என்கிறீர்கள். 1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் எதியன் தாம்பியே தடை செய்த 219 கருத்துகளில், பருப்பொருள் இல்லாமல் ஒரே இனத்தில் பலரைக் கடவுளாலும் படைக்க முடியாது என்பதும் ஒன்று. பட்டியலில் அக்வினாஸ் பெயர் கிடையாது, அவர் இறந்தே மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவரைத் தொட்டவரை அந்தத் தடை செல்லாது என்று 1325இல் இன்னொரு ஆயர் அறிவிக்க வேண்டி வந்தது.

உண்மையான சிக்கல் தேவதூதர் இல்லை, செத்தவர்கள். உடம்புதான் ஆளைப் பிரிக்கிறது என்றால், அது மண்ணுக்குப் போனபின் ஆன்மாக்கள் எல்லாம் ஒன்றாகிவிடாதா, அப்புறம் யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம்? மனிதர் எல்லோருக்கும் அறிவு ஒன்றே என்ற, இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு ருஷ்தின் வழியாரை எதிர்த்து 1270இல் அக்வினாஸ் ஒரு தனி நூலே எழுதினார். இன்ன உடம்புக்கென்று உண்டான ஆன்மா, அந்த உடம்பு போனாலும் தன் தனித்தன்மையை இழக்காது என்பது அவர் சமாதானம். எனக்கு இது கொஞ்சம் கடன் சொல்லித் தப்பிப்பது போலத்தான் படுகிறது.

அக்வினாஸுக்குப் பின் வந்த மெய்யியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் பிடித்த பிடி இன்னும் கெட்டி. நீளம் அகலம் என்ற அளவு, ஒரு பொருள் இருந்தால் அதன்மேல் வந்து ஒட்டுகிற பண்பு, பின்னால் வருவது முன்னால் இருப்பதை எப்படி ‘இது’ ஆக்கும்? சரியான கேள்வி. ஆனால் அவர் தந்த விடை, ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய ஓர் ‘இதுமை’ இருக்கிறது என்பது, கேள்வியையே திருப்பித் தருகிறது.

என் ஓட்டு ஸ்கோட்டஸுக்கும் பின் வந்த மெய்யியலாளர் வில்லியம் ஆக்கமுக்கு. இருப்பதெல்லாம் தனித்தனியாகவேதான் இருக்கிறது, அதற்குக் காரணம் தேடாதே, ‘மனிதன்’ என்பது போன்ற பொதுமை எப்படி வந்தது என்று கேள் என்றார். அந்தப் பொதுமை எங்கே இருக்கிறது என்றால், மனதில் மட்டும்தான் என்பார்; அங்கே அவரை மடக்கப் பார்க்கலாம்.