அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளுக்குத் தரப்படும் எம்மி விருதுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

எம்மி யாரோ ஒரு நடிகையின் பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் காலத்து டிவி கேமராவுக்குள் ‘இமேஜ் ஆர்த்திகான்’ என்றொரு குழாய் இருந்தது. தொழிலில் இருந்தவர்கள் அதைச் செல்லமாக ‘இம்மி’ என்பார்கள். (நம்ம ‘இம்மியளவு’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) விருதுச் சிலை பெண் உருவமாக அமைந்ததால் இம்மி, எம்மி ஆகிவிட்டது.

சிலையை வடிவமைத்த லூயிஸ் மக்மானஸ் தன் மனைவியையே மாதிரியாக வைத்துக்கொண்டார். சிறகுள்ள பெண் ஒரு அணுவை உயர்த்திப் பிடித்திருப்பாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு.

முதல் விழா 1949 ஜனவரி 25 அன்று ஹாலிவுட்டில் நடந்தது. எம்மிக்கு முன்னால் சேர்க்கும் ‘பிரைம் டைம்’ என்ற அடைமொழி அப்புறம் வந்தது: 1974இல் பகல் நேர நிகழ்ச்சிகளுக்குத் தனி விழா பிரிந்ததால், மாலை, இரவு நிகழ்ச்சிகளுக்கான பெரிய விழாவை வேறுபடுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.