மனு கொடுத்தாச்சு, அப்புறம்?

சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு உதவியாளராகப் பல ஆண்டுகள் மனுக்கட்டு சுமந்தவன் நான். இப்போது கேட்கிற ஊர்களுக்குப் போய் மனு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.

பள்ளி நேரத்துக்கு எங்கள் ஊருக்கு பஸ் இல்லை. எம்.எல்.ஏ.விடம் மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் சால்வை போட்டோம், போட்டோ எடுத்தோம். பஸ் மட்டும் வரவில்லை. (ஒரு தாய், விளாத்திகுளம் பக்கம்)

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன் அம்மா. முதல் பத்தி முழுக்க அவருடைய புகழ். இரண்டாவதில் பஸ், குடிநீர், சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடைக்குக் கட்டடம். அதற்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். நிகழ்ச்சி முடிந்து காரில் ஏறும்போது உதவியாளர் மடியில் ஐம்பது அறுபது மனு கிடக்கும். அடுத்த ஊர் வருவதற்குள் துறைவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். ஒரே துறை என்றால் அந்தக் கட்டில் சேர்ந்துவிடும். நான்கு துறை என்றால் எதிலும் சேராது. ‘பொது’ என்று அடியில் போகும். நானே அப்படிப் போட்டவன்தான், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ‘பொருள்’ வரியில் “பேருந்து வசதி வேண்டி” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. “தடம் எண் இன்னது, காலை 7.30-க்கு எங்கள் ஊரைக் கடக்கும் பேருந்தை 8.15-க்கு மாற்றக் கோருதல்” என்று எழுதுங்கள். புது பஸ் என்றால் வண்டி வேண்டும், ஓட்டுநர், நடத்துநர் வேண்டும். கோப்பு எங்கெங்கோ போகும். நேரத்தை மாற்றுவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஆனால் 7.30 வண்டியை நம்பி மில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே அவர்கள் எதிர் மனு கொடுப்பார்கள். எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி என்ற பட்டியலோடு தலைமை ஆசிரியரின் கடிதத்தையும் இணையுங்கள்.

இன்னொன்று. எம்.எல்.ஏ.வால் பஸ்ஸுக்கு உத்தரவு போட முடியாது, போக்குவரத்துக் கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம்தான் தர முடியும். அதையே வாய்விட்டுக் கேளுங்கள், நகலையும் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் மனு எண் வாங்குங்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டி, அந்த எண் மனு மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நாலாவது சால்வை வேண்டாம்.

ஒரு மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லி எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எழுதலாமா?

எழுதலாம், ஓட்டு மாறாது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தரும் ஆணையை) மீறி வாக்களித்தால் பதவியே போகக்கூடும். ஆகவே அவரிடம் ஓட்டைக் கேட்காமல், ஊரில் என்ன பேச்சு என்பதைத் தலைமைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கூட்டணிக் கட்சிக்காரர்களையும் பாருங்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாய் உண்டு. 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24-ம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அவையில் ஆளுங்கட்சியின் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது.

எங்கள் எம்.பி.யை நேரில் பார்த்ததே இல்லை. அவரால் எங்களுக்கு என்ன பயன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அரக்கோணம்)

எல்லோரும் அவரிடம் கேட்பது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், அதிலும் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். அனுமதி மாவட்ட நிர்வாகத்தின் கையில். அவரிடம் எனக்குப் பிடித்த ஆயுதம் வேறு: நாடாளுமன்றக் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வது) 20, எழுத்துப்பூர்வ பதிலுக்கு 230. கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்பே கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போய் நிற்காதீர்கள்.

கேள்வியை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். “நடவடிக்கை எடுக்குமா?” என்று கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்று வரும். (அ) வடிகால் பணிக்கு ஒப்புதல் கொடுத்த தேதி என்ன? (ஆ) ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு? (இ) முடிக்க வேண்டிய தேதி என்ன? இப்படிக் கேட்டால் தேதியும் தொகையும் சொல்லாமல் நழுவுவது கஷ்டம். அந்தப் பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும். அச்செடுத்துக் கோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள்.

அப்புறம், தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தேடிப் போவதே இல்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது), 2015 ஏப்ரல் 24-ல் அங்கேதான் நிறைவேறியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இரு அவைகளையும் தாண்டிச் சட்டமானதில்லை; ஓர் அவையைத் தாண்டுவதே அபூர்வம்.

வாட்ஸ்அப்பில் இரண்டாயிரம் கையெழுத்து சேர்த்துவிட்டோம். போதுமா?

போதாது. ஒரே வாசகத்தில் வரும் இரண்டாயிரத்தை அலுவலகத்தில் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். வாக்குச்சாவடி எண் போட்டு, சொந்த வார்த்தையில் இருபது பேர் எழுதட்டும்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா? டீக்கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்களிடம் அரிட்டாபட்டி என்று சொல்லுங்கள். அந்த ஊர் இருக்கிற மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. அதே மாதம் சுற்றுவட்டக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி போனார்கள். பிறகு ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லிக்குப் போய் மத்திய சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைப் பார்த்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. கிராம சபை மட்டும் சாதித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மற்ற எல்லோரும் பிடித்துக்கொள்ள முதலில் ஒரு காகிதம் அங்கிருந்துதான் வந்தது.

குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு கூட்டம். வருகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறவரை உட்காருங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் எழுதுகிற ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ.வை எங்கே பிடிப்பது? கட்சிக்காரர் துணை வேண்டுமா?

வேண்டாம். தொகுதி அலுவலகத்துக்குக் காலையில் போங்கள். அவர் இல்லாவிட்டாலும் உதவியாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கல்யாண வீட்டில் மட்டும் கொடுக்காதீர்கள். அங்கே வாங்கும் மனு மடித்து வெள்ளைச் சட்டைப் பைக்குள் போகும், சட்டை சலவைக்குப் போகும். அப்படி மாவாகிப்போன ஒன்றைக் கொடியில் காயப்போட்டுப் படிக்கப் பார்த்தேன். போன் நம்பரில் நாலு எண் மட்டும் தெரிந்தது.